காய்ச்சல் என்று மட்டும் எழுதாதீர்கள்

“மூணு நாளா பையன் வரலைன்னு ஸ்கூல்ல இருந்து போன் மேல போன். உடம்பு முடியலைன்னா லீவு போடுறோம். அதுக்கு இத்தனை கேள்வியா?”

ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து ஏதாவது ஒரு வீட்டில் இந்தப் பேச்சு காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. கோபமாகக் கேட்டாலும் நியாயமான கேள்வி. ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், ஆற அமரப் பேசுவோம்.

முதலில் பள்ளிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் வந்ததும் வகுப்பாசிரியர் செய்யும் முதல் வேலை வருகைப் பதிவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை எடுப்பார். அதாவது பதிவேட்டில் ஒரு நாள் என்பது இரண்டு அரைநாள். மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போன பிள்ளை அப்படியே தங்கிவிட்டால் அது அரைநாள் ஆப்சென்ட். பல பெற்றோருக்கு இது தெரியாது. காலையில் அனுப்பிவிட்டோம், அன்றைய கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அரசுப் பள்ளிகளில் இப்போது வருகை கைப்பேசிச் செயலியிலும் ஏற்றப்படுகிறது. அங்கிருந்து, எல்லோரும் ‘எமிஸ்’ என்று சொல்லும் கல்வித் தகவல் தளத்துக்குப் போகிறது. அந்தத் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் உண்டு. பள்ளி மாறினாலும் அந்த எண் பிள்ளையோடு கூடவே போகும். மதியம் எத்தனை பேருக்கு உலை வைப்பது என்பதையும் காலையில் எத்தனை தலை என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆக, உங்கள் பிள்ளை வராத நாள் பல இடங்களில் பதிவாகிறது. ஆனால் இத்தனை இடங்களில் பதிவாவதும் ஒரே செய்திதான்: வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை ஆசிரியரால் ஊகிக்கத்தான் முடியும். அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். எட்டரை மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பிள்ளை கிளம்புகிறது. பள்ளிக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் விபத்தாக இருக்கலாம், நண்பர்களோடு குளத்துக்கோ கிணற்றுக்கோ போயிருக்கலாம், யாரோ கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். வீட்டில் நீங்கள் பிள்ளை பள்ளியில் இருப்பதாக நினைக்கிறீர்கள். பள்ளியில் ஆசிரியர் பிள்ளை வீட்டில் இருப்பதாக நினைக்கிறார். இரண்டு பக்கமும் நிம்மதியாக இருக்கும் அந்த நேரம் மாலை நாலரை வரை நீளும். தேட ஆரம்பிக்க வேண்டிய நேரம் காலை ஒன்பதரை.

இங்கேதான் தகவல் சொல்லும் பழக்கத்தின் பலன் இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறவர் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால், சொல்லாத நாளில் அவருக்கு உறுத்தும். உடனே போனை எடுப்பார். சொல்வதே இல்லை என்றால் உங்கள் பிள்ளையின் காலி இடம் அவருக்கு வழக்கமான காட்சியாகிவிடும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், தகவல் இல்லாமல் ஆறு பேர் வராத காலையில், உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும் ஒரு பிள்ளையை யார் கண்டுபிடிப்பது? மற்ற ஐந்து வீடுகளும் ஒரு போன் செய்திருந்தால் அந்த ஆறாவது பிள்ளை பளிச்சென்று தெரிந்திருக்கும். நீங்கள் உங்கள் பிள்ளைக்காகச் செய்யும் போன் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையையும் காப்பாற்றுகிறது என்று நான் மனதார நம்புகிறேன். பிள்ளையைக் காணோம் என்று தெரிந்த அடுத்த நிமிடமே அழைக்க வேண்டியவை 112, 1098. இரண்டாவது எண் குழந்தைகளுக்கென்றே இருப்பது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் என்று அதன் அட்டவணை சொல்கிறது. அந்தச் சட்டத்தில் நம் பெற்றோர் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ‘கட்டாயம்’ என்று அது சொல்வது முதலில் அரசைத்தான். பிள்ளை பள்ளியில் சேர்வதையும், தொடர்ந்து வருவதையும், படிப்பை முடிப்பதையும் உறுதிசெய்வது அரசின் கடமை, உள்ளாட்சி அமைப்பின் கடமை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பெற்றோருக்கு அபராதம் எதுவும் விதிக்கவில்லை. பெற்றோரோடு கூட்டம் நடத்தி, பிள்ளையின் வருகை எப்படி இருக்கிறது, படிப்பு எப்படிப் போகிறது என்று சொல்வதை ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாக 24-ம் பிரிவு வைத்திருக்கிறது. ஆகவே மூன்று நாள் வராத பிள்ளைக்காக ஆசிரியர் போன் செய்தால், அவர் உங்கள் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கவில்லை. அவர் மேல் சட்டம் வைத்த வேலையைச் செய்கிறார்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே பெற்றோர் மேல்தான் கை விழும். பள்ளியின் அனுமதியில்லாமல் பத்துப் பள்ளி வாரங்களுக்குள் ஐந்து நாள் அளவுக்கு விடுப்பு எடுத்தால் அபராதம் விதிப்பது பற்றி யோசிப்பார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து ஒரு பிள்ளைக்கு, தாய் தந்தை ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. தங்கை கல்யாணத்துக்குத் தை மாதம் இரண்டு வாரம் ஊருக்கு வர நினைக்கும் இலண்டன் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். நம்மூரில் அப்படி ஓர் அபராதம் வர வேண்டும் என்று நான் விரும்பவில்லை. தினக்கூலிக் குடும்பத்திடம் பணம் பிடுங்கிப் பிள்ளையைப் பள்ளிக்கு வரவைக்க முடியாது. ஆனால் அபராதம் இல்லாத இடத்தில் பேச்சு இருந்தாக வேண்டும். நம்மிடம் அதுதான் குறைவு.

இனி, எத்தனை நாள் விடுப்பு என்றால் அதிகம் என்ற கேள்வி. இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் பொதுவாக ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்: வேலை நாட்களில் பத்தில் ஒரு பங்கு போனால் கவலைப்பட வேண்டும். நம் 220 நாளில் பத்தில் ஒன்று 22. கேட்டதும் பெரிய எண்ணாகத் தோன்றும். பத்து மாதத்துக்குப் பிரித்துப் பாருங்கள், மாதத்துக்கு இரண்டு நாள், கொஞ்சம் கூட. பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்ப ஒரு நாள் தாமதம், மாமா வீட்டுக் காதுகுத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, மழைக்கு ஒரு நாள், வேன் வராத ஒரு நாள். எதுவுமே தப்பாகத் தெரியாது. எல்லாம் சேர்ந்து ஒரு மாதப் பள்ளியைத் தின்றிருக்கும்.

டைபாய்டு வந்து தொடர்ந்து பன்னிரண்டு நாள் வராத பிள்ளையை எல்லோரும் கவனிக்கிறார்கள். நோட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள், ஆசிரியர் கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறார். இங்கொன்றும் அங்கொன்றுமாக அதே பன்னிரண்டு நாள் போட்ட பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. வகுத்தல் கணக்கில் மீதியை என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்த செவ்வாய்க்கிழமை அவன் இல்லை. புதன்கிழமை வந்தபோது ஆசிரியர் அடுத்த படிக்குப் போய்விட்டார். பிள்ளை கேட்பதில்லை, தலையைக் குனிந்துகொள்கிறான். பின்னம் வரும்போது அந்த ஓட்டை பெரிதாகிறது, தசமம் வரும்போது இன்னும் பெரிதாகிறது. ஏழாம் வகுப்பில் “இவனுக்குக் கணக்கு வராது” என்று நாம் சொல்லிவிடுகிறோம். வராதது கணக்கா, அவன் வராமல் போன செவ்வாய்க்கிழமையா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கணக்குக்குச் சொன்னது ஆங்கிலத்துக்கும் பொருந்தும். இன்னொன்றும் உண்டு. ஒரு நாள் புரியாமல் போனால் அடுத்த நாள் போகவே மனம் வராது. காலையில் வயிறு வலிக்கிறது என்பான். உண்மையாகவே வலிக்கும்.

குலதெய்வக் கோயில் கொடைக்கும் அத்தை மகள் கல்யாணத்துக்கும் பிள்ளைகள் போக வேண்டாமா? போகட்டும். சொந்தபந்தம் தெரியாமல் வளர்வதும் இழப்புதான். ஒரு நாள் விசேஷத்துக்கு நாலு நாள் விடுப்பு எடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். போவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போனால், அந்த நாளில் என்ன பாடம் என்று கேட்டு வைத்துக்கொள்ளவும் வழி கிடைக்கும்.

இப்போது விடுப்புக் கடிதத்துக்கு வருவோம். அனுப்புநர், பெறுநர், “உடல்நிலை சரியில்லாத காரணத்தால் ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” நம் எல்லோருக்கும் மனப்பாடம். தமிழ் இரண்டாம் தாளுக்காகக் கற்றுக்கொண்டு, அதையே வாழ்நாள் முழுக்க எழுதுகிறோம். காரணம் எதுவாக இருந்தாலும் கடிதத்தில் காய்ச்சல்தான். கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல், சீருடை காயவில்லை என்றாலும் காய்ச்சல், அப்பா குடித்துவிட்டு வந்து ராத்திரி முழுக்க யாரும் தூங்கவில்லை என்றாலும் காய்ச்சல்.

இந்தப் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. உண்மையான காரணம் தெரிந்தபோதெல்லாம் இந்த மண்ணில் அதற்கு ஒரு தீர்வும் பிறந்திருக்கிறது.

1920-ல் சென்னை மாநகராட்சி நடத்திய ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகள் வருகை குறைவாக இருந்தது. ஏன் என்று பார்த்தவர்களுக்குக் கிடைத்த காரணம் பசி. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த அந்தக் காலத்தில், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்க மாநகராட்சி மன்றம் ஒப்புதல் தந்தது. அதே காரணத்தை மாநிலம் முழுவதற்கும் பார்த்தவர் காமராசர். 1956-ல் மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். காலையில் எதுவும் சாப்பிடாமல் வரும் பிள்ளைகளின் பசிக்கு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. இத்தனைக்கும் வேர், “பிள்ளை ஏன் வரவில்லை” என்று யாரோ கேட்டதும், அதற்கு உண்மையான பதில் கிடைத்ததும்தான். அன்றைக்கு ஆயிரம் விளக்கில் எல்லாப் பெற்றோரும் ‘காய்ச்சல்’ என்று சொல்லியிருந்தால் பள்ளிக்கு மருத்துவர் வந்திருப்பார், சாப்பாடு வந்திருக்காது.

சாப்பாட்டோடு இது நின்றுவிடவில்லை. பள்ளி தூரம் என்பதால் பெண்பிள்ளைகள் நின்றுபோவது தெரிந்து சைக்கிள் வந்தது. மாதவிடாய் நாட்களில் வரமுடியாமல் போவது தெரிந்து ‘புதுயுகம்’ திட்டத்தில் நாப்கின் வந்தது. ஆனால் இன்றும் எத்தனையோ பள்ளிகளில் பெண்பிள்ளைகள் அந்த மூன்று நாளும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். கழிப்பறையில் தண்ணீர் வராது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. கடிதத்தில் வயிற்றுவலி என்று இருக்கும். வயிற்றுவலிக்குத் தலைமையாசிரியர் என்ன செய்வார்? தாழ்ப்பாள் இல்லை என்று தெரிந்தால் ஒரு மாலைக்குள் போட்டுவிடலாம். எழுதக் கூச்சமாக இருந்தால் ஓர் ஆசிரியையிடம் அம்மா நேரில் சொல்லட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லட்டும். அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே வைத்திருப்பது இப்படிப்பட்ட பேச்சுக்காகத்தான்.

தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பது இன்னொரு காரணம். அம்மா நூறு நாள் வேலைக்கோ கம்பெனிக்கோ போயிருப்பார். மூத்த பெண்பிள்ளை வீட்டில் நிற்பாள். இதைச் சொன்னால், தெருவிலேயே அங்கன்வாடி இருக்கிறதே, தம்பியை அங்கே விடலாமே என்று ஆசிரியர் வழி சொல்லலாம். சொல்லாவிட்டால் அவர் கண்ணுக்கு அவள் படிப்பில் அக்கறை இல்லாத பெண்.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் உண்டு. ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முன்பணம் வாங்கியிருப்பார்கள், மேஸ்திரி சொன்ன நாளில் வண்டி ஏறியாக வேண்டும். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை, “நாங்கள் இன்ன ஊர்ப் பக்கம் போகிறோம், ஆனி மாதம் வருவோம்” என்பதை, பள்ளியில் சொல்லிவிட்டுப் போனால் நிறைய மாறும். போகும் ஊரிலேயே பக்கத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ம் பிரிவு சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது 4-ம் பிரிவு. பாட்டியோடு ஊரிலேயே விட்டுப்போக முடியாதவர்களுக்கு விடுதி வசதியையும் கேட்டுப் பார்க்கலாம். சொல்லாமல் போன பிள்ளையைப் பள்ளி சில வாரம் தேடும், பிறகு இடைநின்ற பிள்ளைகள் பட்டியலில் பெயர் ஏறும்.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, பிள்ளை சொல்லாத காரணம். பேருந்தில் ஒருவன் தொல்லை கொடுக்கிறான். வகுப்பில் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஓர் ஆசிரியரின் கை நீள்கிறது. பிள்ளை வீட்டில் தலைவலி என்கிறது, நீங்கள் பள்ளியில் காய்ச்சல் என்கிறீர்கள். உண்மைக்கு மேல் இரண்டு திரை விழுந்துவிடுகிறது. ஒரே கிழமையில் திரும்பத் திரும்ப விடுப்பு கேட்டால், ஒரு குறிப்பிட்ட பாடவேளை உள்ள நாளில் மட்டும் உடம்பு சரியில்லாமல் போனால், திட்டாமல், பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேளுங்கள். உடலைத் தண்டிப்பதையும் மனதை நோகடிப்பதையும் 17-ம் பிரிவு தடை செய்கிறது. தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். பள்ளியில் சொல்லிப் பயனில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

உண்மையான உடம்பு நோவுக்கு எப்போது வீட்டில் வைத்துக்கொள்வது என்பதில் குழப்பமே வேண்டாம். காய்ச்சல் என்றால் மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சலின்றி இருந்த பிறகு அனுப்பலாம். காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் பதினோரு மணிக்குக் காய்ச்சல் திரும்ப வரும், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பரவும். அம்மை போட்டிருந்தால் கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை அனுப்பக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே விடாத நம் வீட்டுப் பழக்கம் இந்த விஷயத்தில் மருத்துவத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் கண்ட நாளிலிருந்து ஐந்து நாள். வாந்தி பேதி நின்று இரண்டு நாள். லேசான சளி, தலையில் பேன் இதற்கெல்லாம் விடுப்பு தேவையில்லை. தொற்று நோய் என்றால் நோயின் பெயரைக் கட்டாயம் பள்ளியில் சொல்லுங்கள். அதே வகுப்பில் ஒரு பிள்ளையின் வீட்டில் கர்ப்பிணித் தாய் இருக்கலாம், அவருக்கு அம்மை ஆபத்து.

பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளியில் பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். கடும் நோய், தேசிய அளவிலான விளையாட்டு போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் சான்று வேண்டும். மருத்துவ விடுப்பு என்றால் விடுப்பு முடிந்ததும் சான்றோடு விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும், வேறு காரணமென்றாலும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் சுற்றறிக்கையே அனுப்பினார்கள். சனவரியில் ஓடிப்போய்ப் பழைய தேதியில் சீட்டு கேட்கும் வேலை இனி நடக்காது. மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, மருத்துவமனையில் தங்கியிருந்தால் அந்தச் சுருக்கம் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் நடந்த ஒன்றையும் நினைவுபடுத்துகிறேன். 2023 மார்ச் 13-ம் தேதி பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை. மாநிலமே அதிர்ந்தது. அத்தனை பேரும் அந்த ஒரு காலையில் காணாமல் போகவில்லை. பெருந்தொற்றுக் காலத்திலும் அதற்குப் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளியை விட்டு நகர்ந்தவர்கள் அதில் நிறையப் பேர். பெயர் பட்டியலில் இருந்தது, பிள்ளை இல்லை.

எப்படிச் சொல்வது என்பது மிக எளிது. முதல் மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பாசிரியருக்கு ஒரு போன் அல்லது வாட்ஸ்அப் செய்தி. பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு, காரணம், எந்த நாள் திரும்ப வரும். வேன் டிரைவரிடம் சொன்னால் போதும் என்று இருக்காதீர்கள். வேன் அண்ணன் மறந்துவிடுவார், அது அவர் வேலையும் இல்லை. கடிதம்தான் வேண்டும் என்று பள்ளி கேட்டால் இப்படி எழுதுங்கள்: “என் மகள் ஏழாம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கிறாள். அவள் பாட்டி மருத்துவமனையில் இருக்கிறார். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் திங்கள், செவ்வாய் வரமாட்டாள். புதன்கிழமை வருவாள். அந்த இரண்டு நாள் பாடத்தை அவள் தோழியிடம் சொல்லி அனுப்பினால் உதவியாக இருக்கும்.” இதில் பணிவுடன் கேட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் வாயால் சொன்னால் போதும். பிள்ளையையே எழுதவைத்து அம்மா கைநாட்டு வைப்பதைவிட, அம்மாவின் குரலில் வரும் ஒரு நிமிடப் பேச்சு ஆயிரம் மடங்கு நல்லது.

ஆசிரியர்களிடமும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொன்ன பெற்றோரை வெட்கப்பட வைத்தால் அடுத்த முறை அவர் காய்ச்சல் என்றுதான் சொல்வார். “பாட்டி போன மாசம்தானே செத்தாங்க?” என்று நாற்பது பேர் முன்னால் பிள்ளையைக் கேட்பது கொடுமை. லீவ் லெட்டர் கொண்டுவராத பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால், வராத ஒரு நாளோடு வந்த ஒரு நாளும் போகிறது. “அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் உள்ளே” என்பது கட்டட வேலைக்குப் போகும் அப்பாவின் ஒரு நாள் கூலியைப் பறிப்பது. அவருக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு போன் போதும். தனியார் பள்ளியில் கட்டணப் பாக்கிக்காகப் பிள்ளையைத் தனியே உட்காரவைத்தால், அந்தப் பிள்ளை மறுநாள் வராததற்கு முழுப் பொறுப்பு அந்தப் பள்ளி. திரும்பி வந்த பிள்ளையை “வாப்பா, நேற்று உன் இடம் காலியாக இருந்தது” என்று சொல்லி உட்காரவைக்கும் ஆசிரியர்களும் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வகுப்பில் வருகை தானாகக் கூடுவதைத் தலைமையாசிரியர்கள் கவனித்திருப்பார்கள்.

கடைசியாக ஒரு வேலை. பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த கைப்பேசி எண் பல வீடுகளில் இப்போது பயன்பாட்டில் இல்லை. சிம் மாறியிருக்கும், ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருப்பார்கள், வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவின் எண்ணாக இருக்கும். ஆசிரியர் அழைத்துக்கொண்டே இருப்பார், யாரும் எடுக்க மாட்டார்கள். நாளைக் காலை பிள்ளையை விடப் போகும்போது இரண்டு நிமிடம் நின்று, எமிஸில் எந்த எண் இருக்கிறது என்று கேளுங்கள். பகலில் போனை எடுக்கக்கூடிய இருவரின் எண்ணைக் கொடுங்கள். வகுப்பாசிரியரின் எண்ணை உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள்.